முதல் அத்தியாயத்தை விட்டுவிடலாம்

எங்கள் அச்சகத்தில் என் மனைவியின் கையெழுத்து இல்லாமல் ஒரு தாளும் ஓடாது. முதலாளி சொன்னாலும் ஓடாது, வாடிக்கையாளர் வாசலில் உட்கார்ந்து அழுதாலும் ஓடாது. நாலு கலர் மெஷினை ஓட்டுகிறவன் நான். முதலில் வரும் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போக வேண்டும். அவள் பார்த்து, மூலையில் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதித் தருவாள். அந்தத் தாள் என் மெஷின் மேசையில் கிடக்கும். கடைசித் தாள் வரை அதைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். கையெழுத்துப் போட்ட தாளுக்கு மாறாக ஓட்டுகிறவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டியதில்லை. வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை.

அவளுடைய அறைக்குச் சுவர், கூரை, மேசை எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கத்தில் வேறு நிறம் இருந்தால் கண் அதன் பேச்சைக் கேட்டுவிடும் என்பாள். ஜன்னல் கிடையாது. மேசைக்கு மேலே பகல் வெளிச்சத்தைப் போலவே செய்த விளக்குகள். வெளியே மழை கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் முற்பகல் பதினோரு மணிதான். வாசலில் நான்கைந்து சாம்பல் கோட்டுகள் மாட்டியிருக்கும். யாராக இருந்தாலும் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். ஒருமுறை முதலாளி சிவப்புச் சட்டையோடு நுழைந்துவிட்டார். "உங்க சட்டை என் தாள் மேல விழுது, வெளியில நில்லுங்க" என்றாள். அவர் நின்றார். அந்த அறைக்குள் நின்றால் காலம் கொஞ்சம் மயங்கிக் கிடப்பதுபோல இருக்கும். திட்டு வாங்கத்தான் போவேன் என்றாலும் எனக்கு அங்கே போகப் பிடிக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது தாள் அடுக்கும் பிரிவில். ஒரு நாள் அடுக்கிக்கொண்டிருந்தவள் இரண்டு தாள்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இரண்டிலும் ஒரே ரோஜா. ஒன்று சிவப்பாக இருந்தது, மற்றது செங்கல் மாதிரி இருந்தது. "ஒரே பூ, ஒரே மெஷின். ஏன் ரெண்டு விதமா இருக்கு?" என்று கேட்டாள். நான் தெனாவெட்டாக, "அது அப்படித்தான்" என்றேன். அந்தப் பதிலுக்காக இருபத்தேழு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே பழைய புத்தகக் கடையில் தேடிப்பிடித்து ஒன்றை வாங்கினாள். அச்சில் நிறத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று சொல்கிற புத்தகம். அகராதியும் கையுமாகப் படித்தாள். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவள் கொண்டுவந்த பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. துணிமணி மேலாக ஒரு சாண் உயரம்தான். அடியில் முழுக்கப் புத்தகம். என் அம்மா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "படிச்ச பொண்ணு, பாத்து நடந்துக்கோடா" என்றாள். நான் எங்கே நடந்தேன், ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு வழியாக அவள் சாம்பல் அறைக்கு வந்து சேர்ந்த பிறகு எங்கள் சண்டை ஆரம்பமானது. சயான் என்கிற நீலம் தூக்கல் என்பாள், மெஜந்தா என்கிற சிவப்பு மட்டு என்பாள். நான் இல்லை என்பேன். கடைசியில் மெஷினில் மாற்றுவேன். மாற்றினால் நன்றாகத்தான் வரும். ஆனால் "நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு தடவைகூட என் வாயிலிருந்து வந்ததில்லை. "பாக்கலாம்" என்பேன், "இப்ப ஓகேதானே" என்பேன். அவளும் விடாக்கண்டி. "அந்த ஒரு வார்த்தையை உங்க வாயால கேட்டுட்டுத்தான் ரிட்டயர் ஆவேன்" என்பாள். வீட்டில் சமையலறைக்குள் நிறப் பேச்சு கூடாது என்று ஒரு ஒப்பந்தம் வேறு உண்டு. அதை மீறுவது பெரும்பாலும் நான்தான்.

போன வருடம் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அச்சகத்தில் எல்லோரும் நிறத்தைப் பற்றிப் படிக்க வேண்டும், எந்தெந்தப் புத்தகம் வாங்கலாம் என்று அவளிடம் பட்டியல் கேட்டார். அவள் ஒரு கழிவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். புத்தகங்களின் உண்மையான பெயர்கள் ஒரு மைல் நீளம். அதனால் அவளே வைத்த பட்டப்பெயர்களில்தான் பட்டியல் இருந்தது. 'மெலிஞ்சானை முதலில் படிக்கவும். பாதி புரியாது, பரவாயில்லை. மீதிப் பாதி வேலைக்கு ஆகும்.' கேமரா ஒரு பாஷை, திரை ஒரு பாஷை, மெஷின் ஒரு பாஷை, மூன்றுக்கும் நடுவே துபாஷி வேலை பார்ப்பதுதான் நம் தொழில் என்று சொல்லித் தருவது மெலிஞ்சான். 'கஞ்சன்' என்பதில் வாக்கியமே கிடையாது, எல்லாம் எண். அது படிக்கிற புத்தகமல்ல, பக்கத்தில் வைத்துக்கொள்கிற புத்தகம் என்று எழுதியிருந்தாள். 'புலம்பல்' என்று ஒன்று. எழுதினவர் பக்கத்துக்குப் பக்கம் மெஷின் ஓட்டுகிறவர்களைக் கரித்துக்கொட்டியிருப்பாராம். 'மெஷின்காரர்கள் கட்டாயம் படிக்கவும்' என்று அடிக்கோடு போட்டிருந்தாள். எங்கள் அச்சகத்தில் மெஷின்காரர் என்றால் நான் ஒருவன்தான்.

கடைசியில் இருந்தது 'தலையணை'. நிஜமாகவே தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு கனம். அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'எல்லாம் இதில் இருக்கிறது. முதல் அத்தியாயம் கண்ணைப் பற்றியது. நேரமில்லாதவர் விட்டுவிடலாம்.'

நான் எதையும் படிக்கவில்லை. மை என் விரலுக்குத் தெரியும், புத்தகம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் அந்தக் கையேடு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தலைமை நர்ஸ் கொண்டுவந்தார். பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வருகிற நர்ஸ்களுக்கான கையேடு. நடுப்பக்கத்தில் இரண்டு குழந்தைகளின் படம், அருகருகே. ஒன்று நல்ல ஆரோக்கியமான குழந்தை. மற்றதற்கு மஞ்சள் காமாலை தொடங்கியிருக்கிறது. நர்ஸம்மா சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மனைவியின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"இந்த ஒரு பக்கம் மட்டும் தப்பாகிடக் கூடாதும்மா. இதைப் பாத்துத்தான் புதுப் பொண்ணுங்க கண்ணைப் பழக்கிக்கணும்."

"என் கையெழுத்து இருக்கும். நீங்க நிம்மதியா போங்க" என்றாள் இவள்.

அன்று மெஷினில் மஞ்சள் மை கொஞ்சம் ஏறி நின்றது. முதல் தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆரோக்கியமான குழந்தையின் கன்னத்திலும் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. மை அளக்கிற மீட்டரை வைத்தேன். எல்லையின் ஓரத்தில் நின்றது, எல்லையைத் தாண்டவில்லை. அந்த மீட்டருக்குக் குழந்தை என்றால் என்னவென்று தெரியாது. எப்படியும் திட்டு நிச்சயம் என்று தெரிந்தே அவள் அறைக்குப் போனேன். அவள், நிறம் ஒத்துப்பார்க்க வைத்திருந்த மாதிரித் தாளையும் என் தாளையும் அருகருகே வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

நான் அசையாமல் நின்றேன்.

"என்ன நிக்கிறீங்க? போய் ஓட்டுங்க."

"மஞ்சள்..."

"மஞ்சளுக்கு என்ன? ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. சண்டை பிடிக்கணும்னே வருவீங்களா?"

மெஷினுக்கு வந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடத்தில் நான் தேறாது என்று நினைத்த ஒரு தாளை அவள் தேறும் என்று சொன்னதே கிடையாது.  ஒருவேளை என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று புத்தகக் கட்டுப் பிரிவுக்குப் போய், அங்கே தைத்துக்கொண்டிருந்த பெண்களிடம் மாதிரித் தாளையும் இதையும் காட்டினேன். எது மஞ்சள் என்று கேட்டேன். ஆளாளுக்குக் கேள்வி முடிவதற்கு முன்பே அவள் கையெழுத்துப் போட்ட தாளைத் தொட்டார்கள்.

அன்று நான் செய்யக்கூடாததைச் செய்தேன். அவள் கையெழுத்துப் போட்ட தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மஞ்சளை இறக்கி, குழந்தையின் கன்னம் குழந்தையின் கன்னமாக வந்த பிறகு மொத்தத்தையும் ஓட்டி முடித்தேன். ஒரு வாரம் கழித்து நர்ஸம்மா போன் பண்ணி அவளைப் புகழ்ந்து தள்ளினார். சாப்பிடும்போது, "பாத்தீங்களா, மஞ்சள் மஞ்சள்னீங்களே" என்றாள்.  பொய் சொல்வது எனக்குப் புதிதில்லை, ஆனால் அவள் கையெழுத்தை வைத்துப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஏன் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. அலமாரியைத் திறந்து, எல்லாம் இதில் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்த தலையணையை எடுத்தேன். மதிய இடைவேளைகளில் மை டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். புத்தகம் படித்துப் பழக்கமில்லாதவன், அதனால் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும். புத்தகம் முழுக்க அவளுடைய பென்சில் குறிப்பும், மை விரல் பட்ட தடமும், டீ சிந்தின வட்டமும் இருந்தன. முதல் அத்தியாயத்தில் மட்டும் ஒரு கறைகூட இல்லை. கடையில் வாங்கின நாளில் இருந்தபடியே இருந்தது.

கண் மூடினால் அந்தப் பக்கங்கள் இப்போதும் எனக்குள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் சில பேரை இருட்டறையில் உட்காரவைத்து, விளக்குகளின் நிறங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தச் சொன்னார்களாம். அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டி வகுத்து ஒரு சராசரிக் கண்ணை உண்டாக்கினார்களாம். உலகத்தில் உள்ள அத்தனை மீட்டருக்குள்ளும் இருப்பது அந்தக் கண். அது யாருக்கும் சொந்தமான கண்ணல்ல, யார் முகத்திலும் இல்லாத கண். அது மட்டும் வயதாகாமல் அப்படியே இருக்கிறது. நம் கண்ணுக்கு வயதாகிறது. உள்ளே இருக்கிற வில்லை வருடத்துக்கு வருடம் மஞ்சளாகிறது. ஆளுக்கு அது தெரியாது, ஏனென்றால் மூளை தினம் தினம் எது வெள்ளை என்று புதிதாக முடிவுசெய்துகொள்கிறது. கண்ணே மஞ்சளாக இருப்பதால் முதலில் காணாமல் போவது தாளில் இருக்கும் இளமஞ்சள்தான்.

நான் புத்தகத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு சந்தோஷமும் இல்லை. யாராவது வந்து, இல்லை, நீதான் தப்பு என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன்.

ஆனாலும் உறுதியாகத் தெரிய வேண்டுமே. மையை வெளிறச் செய்ய நாங்கள் நிறமில்லாத ஒரு பசையைக் கலப்போம். அதில் ஒரு துளி மஞ்சளைக் குழைத்து, வெள்ளைத் தாளில் தூரிகையால் ஒரு வரி எழுதினேன். என்ன எழுதுவதென்று யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதியது: 'நீ சொன்னதுதான் சரி.' காய்ந்ததும் கட்டுப் பிரிவுப் பெண்களிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "யாருக்குண்ணே லெட்டரு?" என்றாள் ஒருத்தி.

கோட்டை மாட்டிக்கொண்டு அவளிடம் போனேன். "இந்தத் தாளைப் பாரு."

விளக்குக்குக் கீழே பிடித்தாள். சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "புதுக் காகிதமா? நல்ல வெள்ளை. ஒரு அழுக்கு இல்லை" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த விளக்குகளுக்குக் கீழே எதையும் மறைக்க முடியாது. அவள் பார்த்துவிட்டாள். நான் தலையணையைத் திறந்து முதல் அத்தியாயத்தை மேசையில் வைத்தேன். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, இரண்டு குழந்தைகளையும் அவள் முன்னால் விரித்தேன்.

"அந்தக் கையேட்டை உன் கையெழுத்துப்படி நான் ஓட்டலை."

முதலில் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரைக் கேட்டு மாத்துனீங்க? எனக்குக் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களா?" என்றாள். நான் திறந்திருந்த புத்தகத்தை அவள் முன்னால் தள்ளினேன். அவள் படித்தாள். படிக்கப் படிக்க முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அந்த வெள்ளைத் தாளை மறுபடி கையில் எடுத்தாள்.

"இதுல ஏதோ இருக்கா?"

"இருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"கண்ணு சரியானதும் நீயே படிச்சுக்கோ."

 எழுந்து, சாம்பல் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நேராக முதலாளி அறைக்குப் போனாள். "இன்னையிலிருந்து என் கையெழுத்து செல்லாது சார். கண்ணைச் சரிபண்ணிட்டு வர்றேன். சரியாகலைன்னா வரலை" என்றாள். நடந்ததைக் கேட்டதும் அவர் என்னை வேலையைவிட்டு அனுப்புவது பற்றிப் பேச்செடுத்தார். "அவர் பண்ணினதுக்கு அவரை வீட்டுல நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறது என்றார். வலது கண்ணில் முதலில் ஆபரேஷன், ஒன்றரை மாதம் கழித்து இடது கண்ணில். "பார்வை நல்லா வரும். ஆனா நீங்க சொல்ற அந்த நுணுக்கமான வேலைக்குக் கண்ணு பழையபடி வருமான்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையெழுத்துப் போடுகிற விரல்களால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஒன்றரை மாதம் எங்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. வலது கண் புதுசு, இடது கண் பழசு. கட்டுப் பிரித்த அன்று காலையில் படுக்கையில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினாள், பிறகு மற்றதை மூடினாள். "இந்தப் பக்கம் விடிஞ்சிருக்கு. இந்தப் பக்கம் சாயங்காலம்" என்றாள். படுக்கை விரிப்பு ஒரு கண்ணுக்கு நீலம் பூத்த வெள்ளை, மற்றதற்கு மோர்க் குழம்பு. பாத்திரம் விளக்கும்போது நின்றுவிடுவாள். சோப்பு நுரையில் இத்தனை ஊதா இருந்ததா என்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பகல் முழுக்கக் கண்ணை மாற்றி மாற்றி மூடித் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போகிறவர்கள் தங்களைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். சில நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்லக் கேட்பேன். வானம், எதிர்வீட்டுக் கதவு, சைக்கிளில் போகிறவனின் சட்டை. ஒரே தெரு அவளுக்கு இரண்டாகத் தெரிந்தது. எனக்கு இரண்டுமே புதுசாக இருந்தது.

ஒரு நாள் என்னைப் பார்த்து, புதுக் கண்ணைத் திறந்தாள். "உங்க தலை இவ்வளவு வெள்ளையா?" என்றாள். பிறகு பழைய கண்ணால் பார்த்தாள். "இதுல கொஞ்சம் இளமையா இருக்கீங்க. இதை அப்படியே விட்டுடலாமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான். புதுக் கண்ணுக்கு எல்லாமே நீலமாகத் தெரிந்துகொண்டே இருந்தால் அவள் திரும்பப் போக முடியாது. சாம்பல் அறை இல்லாமல் அவளை எனக்குக் கற்பனை செய்யவே வரவில்லை.

அலமாரிக் கதவிலிருந்து பட்டியலைப் பிய்த்து எடுத்துவரச் சொன்னாள். தலையணைக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: 'முதல் அத்தியாயத்தை முதலில் படிக்கவும். தனியாகப் படிக்க வேண்டாம்.' மறுநாள் நான் அதைக் கொண்டுபோய் மறுபடி ஒட்டினேன்.

இரண்டாவது கண்ணும் முடிந்தது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அச்சகத்துக்கு வந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். முதலாளியை உள்ளே கூப்பிட்டு, முப்பது தாள்களைத் தரச் சொன்னாள். முப்பதிலும் ஒரே குழந்தை, மஞ்சள் மட்டும் இம்மி இம்மியாகக் கூடிக்கொண்டு போகும். அவள் கேட்டபடி நான்தான் ஓட்டிவைத்திருந்தேன். அவர் கலைத்துப் போட்டார். அவள் அவசரப்படாமல் வரிசையாக அடுக்கினாள். அவர் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார்.  ஒரு தாள்கூட இடம் மாறியிருக்கவில்லை. முதலாளி மேசை மேலிருந்த பென்சிலை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"அந்தத் தாள் எங்க?" என்றாள் என்னிடம்.

"வீட்டுக்கே கொண்டுவந்து காட்டியிருப்பேனே, நீ கேக்கலை."

"சரியான வெளிச்சத்துலதான் பாக்கணும். எடுங்க."

அவள் மேசையின் கீழ் இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்குக் கீழே பிடித்தாள். இந்தத் தடவை சாய்க்கவுமில்லை, திருப்பவுமில்லை. உதடு மெல்ல அசைந்தது. திரும்பத் திரும்பப் படிக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் தப்பா இருந்தப்பதான் இதை எழுதணும்னு தோணுச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் கண்ணுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சேதான் எழுதுனீங்களா?"

"தெரிஞ்சேதான்" என்றேன். பொய் சொல்ல அந்த அறையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் பென்சிலை எடுத்தாள். எப்போதும் கையெழுத்துப் போடுகிற மூலையில் ஏதோ எழுதி, தாளை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்து இல்லை. 'மஞ்சள் போதாது. ஏற்றவும்' என்று இருந்தது.

மெஷினுக்கு வந்தேன். மை டப்பாவைத் திறந்தேன். புதுத் தாளில் அதே வரியை, இந்த முறை கறுப்பில் எழுதினேன். காயும்வரை காத்திருந்து, கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவள் ஒரு தடவை படித்துவிட்டு, மூலையில் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினாள்.